ஏழுக்கு ஒன்பது: ஸ்லீப்பர் கட்டை அறுத்து விற்ற அனுபவம்

முதல் லோடில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பர் கட்டை 40 கொண்டுபோனேன். கட்டை வாங்குகிற யார்டில் தரம் பார்ப்பவர் 27 கட்டையை மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொண்டார். ஒன்பது, சின்ன கட்டையின் விலைக்கு இறங்கின. மீதி நான்கையும் காலால் தட்டிக் காட்டி, தோட்டத்துக்கு வரப்பு கட்டிக்கொள் என்று ஓரமாக ஒதுக்கிவிட்டார். மொத்தம் பத்து நிமிஷ வேலை அவருக்கு. எனக்கு அது மூன்று சனிக்கிழமை உழைப்பு.

எங்கள் வீடு அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பக்கம், ரோலா ஊருக்கு வெளியே இருக்கிறது. வாரநாளில் ஆபீஸ். வார இறுதியில் பேண்ட் சா மில், அதாவது நாடா மாதிரி வாள் ஓடி மரம் அறுக்கிற மில். பின்பக்கத்து ஓக் மரங்கள் புயலில் சாய்ந்தபோது, விறகாக்க மனசில்லாமல் வாங்கிய மில் அது. முதல் இரண்டு வருஷம் பலகைதான் அறுத்தேன். மேஜை செய்கிறவர்கள் வந்து நல்ல பலகையாகப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கணு நிறைந்த நடுப்பகுதி மட்டும் ஷெட்டுக்குப் பின்னால் மலைபோல் குவிந்தது. "அந்த நடுவைப் பலகையாக்கி ஏன் வீணடிக்கிறாய்? ஸ்லீப்பராக விடு" என்று சொன்னவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். வாலிபத்தில் வட்ட ரம்ப மில்லில் வேலை பார்த்தவர். அவர் சொல்லித்தான் இதில் இறங்கினேன்.

இந்த ஊருக்கு இது புதுத் தொழிலும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே ஸ்லீப்பரைக் கோடரியால் செதுக்கியே செய்திருக்கிறார்கள். கேஸ்கனேட், பிக் பைனி ஆறுகளில் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு ரயில் நிற்கும் இடம் வரை ஓட்டிப்போனார்களாம். எனக்குத் தெப்பம் வேண்டாம். டிரெய்லர் இருக்கிறது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் மீட்டர் கேஜ் காலத்தில் ரயில்வே கேங்கில் இருந்தவர். "ஏன்டா, அங்க இன்னுமா கட்டை போடறானுங்க? இங்கல்லாம் காங்கிரீட் வந்து எவ்ளோ காலமாச்சு!" என்று சிரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். அமெரிக்காவில் பத்துக்கு ஒன்பது ஸ்லீப்பர் இன்னும் மரக்கட்டைதான். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 3,250 கட்டை வேண்டும். மரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பழைய பாதையில் உளுத்த கட்டையை மட்டும் உருவிவிட்டு அதே இடத்தில் புதிதைச் செருகலாம். நடுவில் ஒன்றிரண்டு காங்கிரீட்டைச் செருகினால் விறைப்பில் பக்கத்துக் கட்டையோடு ஒத்துப்போகாது, பாரமெல்லாம் அதன் தலையில் வந்து விழும். ஆகவே மரம் இருக்கிற பாதையில் மரமே தொடர்கிறது. இதைச் சொன்னதும் அப்பா, "உன் கட்டை என்ன சைஸ்?" என்றார். ஏழு அங்குலம் கனம், ஒன்பது அங்குலம் அகலம், எட்டரை அடி நீளம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர்கள் தூக்கிய மீட்டர் கேஜ் கட்டை ஆறடி நீளம், எட்டங்குல அகலம், நாலரை கனம்தான். அதற்கே தோளில் தழும்பு.

ஒரு 7×9 கட்டை பச்சையாக இருக்கும்போது 105 கிலோவைத் தாண்டும். கையால் தூக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். டிராக்டரின் முன்னால் மாட்டுகிற ஃபோர்க்கும், உருட்டுவதற்குக் கொக்கி வைத்த நீளக் கம்பும் இருந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் கம்பு மட்டும் வைத்து ஆரம்பித்தேன். முதல் சனிக்கிழமை மாலை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கக் கை வரவில்லை.

இப்போது கணக்கு. 7×9 செவ்வகத்தின் மூலைவிட்டம் 11.4 அங்குலம். எனவே உருட்டின், அதாவது அறுக்காத முழு மரத்துண்டின், சின்ன முனையில், பட்டை நீக்கி 12 அங்குலம் இருந்தால் ஒரு கட்டை சுத்தமாக வரும். 11 என்றால் மூலை கூராக வராமல் பட்டைப் பக்கத்து வளைவு மிஞ்சும். 10 என்றால் 6×8 சின்ன கட்டைதான். 14 அங்குல உருட்டு கிடைத்தால் கொண்டாட்டம். நடுவில் 7×9 நிற்க, அகலப் பக்கம் இரண்டிலும் இரண்டிரண்டு, குறுகிய பக்கம் இரண்டிலும் ஒவ்வொன்று என்று ஓரங்குலப் பலகை ஆறு வரும். வெளிவட்டத்தில் கணு குறைவு, அதனால் அந்தப் பலகைக்குத்தான் மேஜைக்காரர்கள் காசு கொடுப்பார்கள். கணுவெல்லாம் நடுவில், அது ரயிலுக்கு. நடுவையும் பலகையாக்க இன்னும் ஆறு வாள் ஓட்ட வேண்டும், கிடைப்பதோ பெட்டி செய்கிற மூன்றாம் தரம். கட்டையாக விட்டால் அந்த ஆறு ஓட்டமும் மிச்சம்.

உருட்டு வாங்கும்போது இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர் மரக்கடையில் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். இங்கே பல இடங்களில் டாயில் கணக்கு. விட்டத்தில் நாலைக் கழித்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்க வேண்டும். 12 அங்குலம், எட்டரை அடி உருட்டு அப்படிப் பார்த்தால் 34 போர்டு அடி (ஓரடிக்கு ஓரடி, ஓரங்குலக் கனப் பலகை ஒரு போர்டு அடி). அதிலிருந்து வருகிற ஒரே ஒரு 7×9 கட்டை மட்டும் 44 போர்டு அடிக்கு மேல்! சின்ன உருட்டைக் குறைத்து மதிப்பிடுகிற கணக்கு அது. விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் அதே கணக்கில்தான் வியாபாரம் நடக்கிறது. உருட்டு பெருக்கப் பெருக்க இந்த லாபம் கரைந்துவிடும்.

சரி, 13 கட்டை ஏன் போயிற்று?

ஐந்து போனது பேராசையால். தண்டவாளம் உட்காரும் இடம், அதாவது கட்டையின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் 20 அங்குலம் முதல் 40 அங்குலம் வரை, அங்கேதான் எல்லாம். மற்ற இடத்தில் மூலை கொஞ்சம் வளைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த இரண்டு துண்டில் மட்டும் மேல்முகத்தில் பட்டை வளைவு ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எனக்கோ பக்கத்திலிருந்து இன்னொரு பலகை எடுத்துவிடலாம் என்ற நப்பாசை. அதற்காகக் கட்டையை உருட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினேன். பலகை கிடைத்தது. எதிர்ப்பக்கம் மூலை இரண்டங்குலம் வளைந்து நின்றது. நாலைந்து டாலர் பலகைக்கு ஆசைப்பட்டு, முப்பது டாலரைத் தாண்டிப் போகிற கட்டையை ஏறக்குறையப் பாதி விலைக்கு இறக்கினேன்.

இன்னொரு நான்கு போனதை நான் முதலில் நம்பவேயில்லை. அளந்துதானே அறுத்தேன்! தரம் பார்ப்பவர் டேப்பை என் கையில் கொடுத்து, நீயே பார் என்றார். நடுவில் சரியாக 7. முனையருகே 6⅝. வாங்கும்போது பச்சைக் கட்டையில் சொன்ன அளவுக்குக் குறையவே கூடாது. அதிகமானாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் தள்ளுபடி. எனக்கு முதலில் மில் மேல்தான் சந்தேகம். ஞாயிறு முழுக்க, மில்லில் உருட்டு கிடக்கிற படுக்கையின் மட்டம் பார்த்தேன், வாளின் இழுப்பைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பெரியவர் வந்து ஓர் உருட்டை அறுக்கச் சொன்னார். நான் வழக்கம்போல மேல்முகத்தைத் திறந்து, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பலகை எடுத்தேன். "நிறுத்து. இப்போது கிளாம்பைக் கழற்று" என்றார். கழற்றினேன். குனிந்து பார்த்தால் உருட்டின் நடுப்பகுதி படுக்கையை விட்டு மெல்ல மேலே எழும்பி நிற்கிறது. கீழே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி.

விஷயம் இதுதான். நின்று வளர்ந்த மரத்தில் வெளிவட்டம் இழுவிசையில் இருக்கிறது, நடு அமுக்கத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் இழுப்பு சமமாக இருக்கும்வரை உருட்டு நேராக நிற்கும். ஒரு பக்கத்து வெளிவட்டத்தை மட்டும் உரித்துவிட்டால், எதிர்ப்பக்கத்து இழுப்பு ஜெயித்து, மரம் வில்லாக வளையும். அந்த வளைவோடு திருப்பிப் போட்டு மறுபக்கத்தை 7 அங்குலத்தில் அறுத்தால், நடு படுக்கையில் உட்கார்ந்திருக்கும், முனைகள் தூக்கி நிற்கும், வாள் நேராகத்தான் போகும். முனையில் கூடுதலாகச் சீவிவிடும். வாள் மேல் பழியில்லை.

அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒரு முகத்தில் ஓரப்பட்டையும் ஒரு பலகையும். உடனே 180 டிகிரி திருப்பி எதிர்முகத்தில் அதே அளவு. அப்புறம் 90 டிகிரி, மறுபடி 180. கடைசி வெட்டு வரை நாலு பக்கத்திலும் அரையங்குலமாவது மிச்சம் வைத்துக்கொண்டு, வளைகிறதெல்லாம் வளைந்து முடித்த பிறகு சைஸுக்குக் கொண்டுவருவேன். அளவும் 7 இல்லை, 7⅛. அந்த அரைக்கால் அங்குலம் மன நிம்மதிக்கு.

உருட்டைப் படுக்கையில் வைப்பதிலும் ஒன்று கற்றேன். அடிமுனை தடியாகவும் நுனி ஒல்லியாகவும் இருக்கும். அப்படியே படுக்க வைத்தால் குருத்து, அதாவது மரத்தின் நட்டநடு மையம், சாய்ந்து கிடக்கும். கட்டையின் ஒரு முனையில் குருத்து நடுவிலும் மறுமுனையில் மூலையிலும் வந்துவிடும். அப்படிப்பட்ட கட்டை காயும்போது முறுக்கிக்கொள்ளும். இப்போதெல்லாம் இரண்டு முனையிலும் குருத்துப் புள்ளியில் சாக்பீஸால் பொட்டு வைப்பேன். படுக்கையிலிருந்து பொட்டு வரை டேப் பிடித்து, இரண்டு முனையும் ஒரே உயரம் வரும்வரை ஒல்லி முனைக்கு அடியில் ஆப்பு. இரண்டு நிமிஷம் ஆகும். அவசரத்தில் இதை விட்டால் சாயங்காலம் மூலமட்டம் வைத்துப் பார்க்கும்போது வருத்தப்படுவோம்.

தள்ளுபடியான நான்கில் ஒன்று என் அசட்டுத்தனம். செயின்சாவால் நீளம் வெட்டும்போது டேப்பின் நுனி பட்டைக்குள் புதைந்திருந்ததைக் கவனிக்கவில்லை, எட்டடி நாலங்குலம்தான் வந்தது. இன்னொன்றில் கணு உளுத்துப் பொந்தாகி, சரியாகத் தண்டவாளம் உட்காரும் இடத்தில் விரல் நுழைந்தது. அந்த இடத்தில் அரையங்குல விட்டத்துக்கு மேல் அகலமும் மூன்றங்குலத்துக்கு மேல் ஆழமும் உள்ள துளை கூடாது. மீதி இரண்டிலும் வளைய வெடிப்பு. ஆண்டு வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, முனையில் பிறை நிலா மாதிரி ஒரு கோடு. அறுப்பதற்கு முன்பே அது தெரிந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு உருட்டின் இரண்டு முனையையும் ஒரு விரற்கடை சீவிப் பார்க்காமல் மில்லில் ஏற்றுவதில்லை.

முனையைச் சீவுவதில் இன்னொரு லாபம், இரும்பு. வேலி ஓரத்து மரம் என்றால் பழைய ஆணியோ முள்கம்பியோ உள்ளே விழுங்கி வைத்திருக்கும். ஓக்கில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து அதிகம். இரும்பு பட்டால் கறுநீலமாகக் கறை ஓடும், நம் ஊரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே சங்கதிதான். முனையில் அந்த நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தால், எத்தனை அழகான உருட்டானாலும் விறகுக்குப் போகட்டும். ஒரு தடவை பார்த்தும் பார்க்காத மாதிரி ஏற்றினேன். நாலாவது அடியில் ஒரு சத்தம், தீப்பொறி, அப்புறம் வாள் அலையலையாக மேய ஆரம்பித்தது. அந்த வாளைச் சாணை பிடிக்கக்கூட முடியவில்லை.

வாள் அலைவது பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், ஆகையால் அதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டை வாள் கணுவில் மேலே ஏறும், கணு தாண்டியதும் இறங்கும். பலகையில் அது ரந்தா போட்டால் போய்விடும். கட்டையில் போடுவதற்கு ரந்தா எங்கே? நான் பத்துப் பதினைந்து உருட்டுக்கு ஒரு வாள் மாற்றிவிடுகிறேன், கணு அதிகமென்றால் இன்னும் முன்னாலேயே. கணு வரும்போது தள்ளும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பிசின் படிந்தால் வாள் சூடேறி நெளியும்.

எந்த மரம் என்பதில் யார்டு கறார். ஓக்கும் ஹிக்கரியும் ஓர் அடுக்கு. மேப்பிள், ஆஷ், கம் போன்ற மரங்கள் தனி அடுக்கு, காய்கிற காலம் வேறு என்பதால். ஓக்கிலும் ரெட் ஓக்தான் ஸ்லீப்பருக்குத் தோது. அதன் நுண்துளைகள் திறந்தே இருக்கும். ஒரு சின்ன துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். என் மகளுக்கு இதுதான் இந்த மில்லிலேயே பிடித்த விளையாட்டு. வைட் ஓக்கின் வைரம் பாய்ந்த நடுமரத்தில் அந்தத் துளைகள் அடைபட்டிருக்கும், எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. அதனால்தான் விஸ்கி பீப்பாய்க்கு அது. பீப்பாய்க்காரர்கள் கொடுக்கிற விலைக்கு நல்ல வைட் ஓக்கை யாரும் ஸ்லீப்பராக்க மாட்டார்கள். எண்ணெய் ஏற்றும்போது ரெட் ஓக் உறிஞ்சுகிற மாதிரி அது உறிஞ்சாது.

எண்ணெய் என்றது கிரியோசோட், மரம் அழுகாமல் இருக்க ஏற்றுவது. அது நம் வேலை இல்லை. யார்டில் முனைகள் பிளக்காமல் இருக்கப் பல் வைத்த தகடு அடித்து, காற்றோட்டமாக அடுக்கி மாதக்கணக்கில் காயவைத்து, பெரிய உருளைக்குள் தள்ளி அழுத்தத்தில் எண்ணெய் ஏற்றுவார்கள். நம்மிடம் எதிர்பார்ப்பது பட்டை இல்லாத, சைஸான, பச்சைக் கட்டை. பச்சை என்பதில் பிடிவாதமாக இருப்பார்கள். ஜூலை வெயிலில் ரெட் ஓக்கை வாரக்கணக்கில் கிடத்தினால் முனைகள் வெடிக்கும், வெள்ளைப் பகுதியில் பூஞ்சை ஏறும். எண்ணெய் அழுகலைத் தடுக்கும், வந்துவிட்ட அழுகலைக் குணமாக்காது. அறுத்த கையோடு ஏற்றிவிட வேண்டும். ஒரு லோடு சேர மூன்று வாரம் ஆகிறது என்றால், வெயில் காலத்தில் சின்ன லோடாகவே ஓட்டுவேன். டீசல் செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

இரண்டாவது லோடு 38 கட்டை. நான்கு இறங்கின, ஒன்றுகூடத் தள்ளுபடி இல்லை. மூன்றாவதில் 40 கொண்டுபோனேன், ஒன்று மட்டும் இறங்கியது. அதுவும் சாய்வு இழையால். இழை பதினைந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. முறுக்கி வளர்ந்த மரம் அது, பட்டையைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். தரம் பார்ப்பவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

இதில் பணக்காரன் ஆக முடியுமா என்றால், என் மாதிரி வார இறுதி ஆளுக்கு இல்லை. உருட்டுக்குக் கொடுத்தது, வாள், டீசல், டயர் எல்லாம் கழித்தால் கட்டைக்கு நிற்பது கொஞ்சம்தான். லாபம் பக்கப் பலகையில் இருக்கிறது. ஸ்லீப்பர் செய்வதெல்லாம் நடுக்கட்டைக்கு நிச்சயமான ஒரு விலையைத் தருவதுதான். எப்போது கொண்டுபோனாலும் வாங்குவார்கள், காசோலை தவறாது. மேஜைக்காரர்கள் வராத பனிக்காலத்திலும் மில் ஓடுகிறது. எனக்கு அது போதும்.

முதல் லோடில் ஒதுக்கிய அந்த நான்கு கட்டையையும் அன்றே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். இப்போது அவை எங்கள் நிலத்து ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கின்றன. எட்டடி நாலங்குலம் ஆனதுகூட அங்கே தாராளமாகப் போதும். டிராக்டர் அதன் மேல்தான் போகிறது. எண்ணெய் ஏறாத ரெட் ஓக், தரையில் கிடந்தால் ஐந்து வருஷம் தாங்கினால் அதிகம் என்று பெரியவரிடம் கவலையாகச் சொன்னேன். "அதற்குள் இன்னொரு நாலு கட்டை உனக்குத் தள்ளுபடி ஆகாமலா போகும்?" என்றார்.